உயிரோடிருந்த அக்காவுக்கு ஓர் அடக்கப் பாட்டு

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இதைச் சாதாரணமாகத்தான் எழுதினேன். வேறு அர்த்தம் எடுத்துக்கொள்ளாதே. இப்போதெல்லாம் உன் உடல்நலத்தைப் பற்றி நான் எதைச் சொன்னாலும் ஒரு மாதிரிதான் ஒலிக்கிறது.

உன் மகளிடம் தொலைபேசியில் பேசினேன். "அம்மா குளிக்கிறாங்க மாமா" என்றாள். மறுநாளும் குளித்துக்கொண்டிருந்தாய். அடுத்த வாரமும் அப்படியே. நுரையீரலில் நீர் கோத்து எழுந்தவள் இவ்வளவு குளிக்கக்கூடாது. அதனால் கடிதம் எழுதுகிறேன்.

என் பக்கத்து நியாயத்தைச் சொல்ல நீ இடமே கொடுக்கவில்லை. அக்டோபரில் ஒரு நாள் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் பாட்டு நடத்திவிட்டு வீட்டுக்கு வந்தேன். கதவு பூட்டியிருந்தது. உன் பெட்டி இல்லை, மருந்துகள் இல்லை, தையல் மிஷினும் இல்லை. கோபத்தில் போகிறவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவாள். தையல் மிஷினையும் தூக்கிக்கொண்டு போகிறவள் திரும்பி வருவதாக இல்லை. அந்த அளவுக்கு எனக்கும் புரிந்தது.

என் பக்கம் இதுதான். செப்டம்பரில் உன்னைப் பார்க்க வீட்டுக்கு வந்த டாக்டர் என்னைத் தாழ்வாரத்துக்குக் கூப்பிட்டு, "சொந்தக்காரங்களுக்குச் சொல்லிடுங்க" என்றார். நமக்குச் சொல்லும்படி யார் இருக்கிறார்கள்? உன் மகளுக்குச் சொன்னேன். பிறகு எனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தேன். உனக்கு ஓர் அடக்கப் பாட்டு எழுதினேன்.

எழுதியது குற்றமில்லை என்று நீயும் ஒப்புக்கொள்வாய். ஒத்திகை பார்த்ததுதான் குற்றம். ஆனால் வங்கி மேலாளரின் அடக்கத்தை நினைத்துப் பார். நம் பாடகர் குழு ஒத்திகை இல்லாமல் பாடியது. நாலு குரலும் நாலு தெருவில் போயின, கடைசி 'ஆமென்'னில்கூடச் சந்திக்கவில்லை. மேலாளரின் தம்பி இன்றுவரை எனக்கு வணக்கம் சொல்வதில்லை. உனக்கும் அப்படி ஆகவிடக்கூடாது என்று நினைத்தேன். சாவு பொதுவாகச் சொல்லிக்கொண்டு வருவதில்லை. சொல்லிக்கொண்டு வந்தபோது அந்த அவகாசத்தை வீணாக்குவானேன் என்று தோன்றியது.

பக்கத்து ஆலயத்துக் கூடத்தின் ஜன்னல் நம் வீட்டில் உன் அறையைப் பார்த்தபடி இருப்பதை நான் மறக்கவில்லை. சாத்தத்தான் சொன்னேன். டெனார் பாடுகிற சைக்கிள் கடைக்காரர்தான் "மூச்சு முட்டுது சார்" என்று திறந்துவிட்டார். உன் காதில் விழும் என்று அவருக்கோ எனக்கோ தோன்றவில்லை. மன்னித்துவிடு.

இன்னொன்று. புதிய பாட்டுப் புத்தகம் அச்சாகிறது. போதகர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் புத்தகக் குழுச் செயலாளரிடம் இந்தப் பாட்டைப் பற்றிச் சொல்லிவிட்டார். செயலாளர் வந்து கேட்டார், வாசித்துக் காட்டினேன், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் இதுவரை எழுதியவற்றில் ஜனங்கள் பாடுவது மூன்றுதான் என்று உனக்குத் தெரியும். அதிலும் ஒன்று நீளமாக இருப்பதால் காணிக்கை எடுக்கும்போது பாடுகிறார்கள். இது அப்படியில்லை அக்கா. இது நிற்கும். உனக்காக எழுதியது என்பதால் உன் சம்மதம் இல்லாமல் கொடுக்க மனம் வரவில்லை. மாதக் கடைசிக்குள் ஒரு வரி எழுதினால் போதும்.

உன் தம்பி


ஜனவரி 21

தம்பிக்கு,

கடிதம் வந்தது. மன்னிப்பு ஒரே ஒரு சொல்லாக வந்துவிட்டுப் போகிறது. பாட்டுப் புத்தகம் ஒரு பத்தி முழுக்கக் கால் நீட்டிப் படுத்திருக்கிறது. எதற்காக எழுதினாய் என்று தெரிந்துகொண்டேன்.

உன் பக்கத்தைச் சொன்னாய். என் பக்கம் கட்டிலில் இருந்தது. அங்கே கிடந்தால் மருந்து பாட்டில்கள், சுவர்க் கடிகாரம், ஜன்னல். வேறு எதுவும் கிடையாது. முதல் நாள் சோப்ரானோ பெண்கள் தனியாகப் பாடினார்கள். நன்றாக இருக்கிறதே, யாருக்கு என்று யோசித்தேன். யாரோ போய்விட்டார்கள் போலிருக்கிறது, எனக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லாமல் வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அந்தக் குடும்பத்துக்கு ஆறுதல் கொடும் ஆண்டவரே என்று ஜெபம்கூடப் பண்ணினேன். ஜெபம் கேட்கப்பட்டது. நீ நல்ல ஆறுதலோடுதான் இருந்தாய்.

மறுநாள் வார்த்தைகளோடு வந்தது.

*கிழிந்ததைத் தைத்த கைகள் இவை,*
*களைத்தன, பிடித்துக்கொள்ளும், தேவா.*

இந்தச் சபையில் தைக்கிறவள் யார்? போதகர் மனைவிக்கு ஊசியில் நூல் கோக்கத் தெரியாது. அங்கி பிரிந்தால் என்னிடம்தான் வருவார். பாடுகிற அத்தனை பேர் அங்கியும் நான் தைத்தது. நான் தைத்த அங்கியைப் போட்டுக்கொண்டு என்னை அடக்கம் பண்ணப் பழகிக்கொண்டிருந்தீர்கள். அன்று மாலை பேக்கரிக்காரர் பாஸ் அடிக்குரலில் 'களைத்தன' என்று இழுத்தார் பார், கைகளைப் போர்வைக்குள் வைத்துக்கொண்டேன்.

சும்மா கிடந்ததால் எல்லாவற்றையும் கேட்டேன். ஆல்டோ குரல் மூன்றாம் வரியில் அப்படி இறங்கக்கூடாது, தடுக்கி விழுகிற மாதிரி இருக்கிறது. இது என் வேலை இல்லை. இருந்தாலும் இருபது வருஷம் ஆல்டோ பாடியவள் என்பதால் சொல்கிறேன்.

புத்தகத்துக்குச் சம்மதமா என்றால், இல்லை. அது அடக்கப் பாட்டு. அடக்கத்துக்குப் பாடு. அன்றைக்கு நான் வந்து தடுக்க மாட்டேன். அதுவரைக்கும் எங்கேயும் யாரும் பாடக்கூடாது.

ஒத்திகை பார்த்ததற்காக நான் வீட்டை விட்டு வந்தேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். நினைத்துக்கொள். எனக்கு உடம்பு தேறிவிட்டது. பேரனின் சட்டைகளைப் பெரிதாக்கிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

அக்கா


பிப்ரவரி 10

அன்புள்ள அக்காவுக்கு,

நீ சொன்னபடியே செய்துவிட்டேன். செயலாளரிடம் பாட்டு இன்னும் முடியவில்லை என்றேன். "அன்னைக்கு முழுசா வாசிச்சீங்களே?" என்றார். அது வேறு பாட்டு என்றேன். அவர் தெய்வபயம் உள்ளவர், அதனால் என்னைப் பொய்யன் என்று சொல்லவில்லை. கண்ணாடியை மட்டும் மறுபடியும் துடைத்தார்.

பாடகர் குழுவிடமிருந்து பிரதிகளைத் திரும்ப வாங்கினேன். சோப்ரானோக்கள் அழுதுகொண்டே கொடுத்தார்கள். சைக்கிள் கடைக்காரர் தன்னுடையதை இரண்டாக மடித்து, மேசை ஆடாமலிருக்கக் காலுக்கடியில் வைத்திருந்தார். பேக்கரிக்காரரிடம் பிரதியே இல்லை.

"எனக்கு எழுத்து எதுக்கு சார், எல்லாம் மனசுல இருக்கு" என்றார்.

"மனசுலேருந்து எடுத்துடுங்க" என்றேன்.

"அது எப்படி சார்? மாவு பிசையும்போது தானா வருது. கை அந்த வேகத்துக்கு நல்லா போகுது."

அவரிடமிருந்து பறிமுதல் செய்ய வழியில்லை. பேக்கரிக்குள் பாடினால் அது பொதுவழிபாடு ஆகாது என்று நாமே வைத்துக்கொள்ளலாம்.

நீ போனதற்கு வேறு காரணம் இருப்பதுபோல் எழுதியிருந்தாய். என்ன என்று எனக்குப் புரியவில்லை. யோசித்துப் பார்க்கிறேன். வேளாவேளைக்கு மருந்து கொடுத்தேன். இரண்டு வாரம் பள்ளிக்கூடத்துக்கு விடுப்புப் போட்டேன். தலையணையை மாற்றிப் போட்டேன். எதைச் சொல்கிறாய் என்று நேரடியாக எழுதிவிடு.

இங்கே வேறொரு கஷ்டம். சைக்கிள் கடைக்காரருக்குப் பெண் குழந்தை. ஞானஸ்நானத்துக்கு ஒரு பாட்டு கேட்டார். மூன்று மாலைகள் ஹார்மோனியத்தின் முன் உட்கார்ந்தேன். எழுதிய பாட்டை ஞாயிற்றுக்கிழமை பாடினோம். ஞானஸ்நானத்தில் குழந்தை அழுவது சகஜம். இந்த முறை பெற்றோரும் அழுதார்கள். முடிந்ததும் போதகர் என்னை உடைமாற்றும் அறைக்குள் கூப்பிட்டு, "தம்பி, பிள்ளை இப்பதான் வந்திருக்கு. அதுக்குள்ள அனுப்பி வைக்கிற மாதிரி இருக்கே" என்றார்.

எதை எழுதினாலும் அந்தப் பாட்டின் சாயல்தான் வருகிறது. வீட்டில் தையல் மிஷின் சத்தம் இல்லாததும் ஒரு காரணமாக இருக்கலாம். உனக்கு நான் சொன்னதில்லை. என் பாட்டுகளின் தாளமெல்லாம் நீ மிஷினை மிதிக்கிற வேகம்தான். நீ அவசரமாகத் தைத்த மாதங்களில் நான் எழுதியவை துதிப்பாடல்கள். கிழிசல்களை நிதானமாக ஒட்டுப்போட்ட மாதங்களில் எழுதியவை மனந்திரும்புதல் பாடல்கள். வாத்தியார்களிடம் படித்ததாகச் சொல்லிக்கொள்வதெல்லாம் பிற்பாடு சேர்த்துக்கொண்டது.

உன் தம்பி


பிப்ரவரி 27

தம்பிக்கு,

மிஷினைப் பற்றி எழுதி என்னை இளக்கப் பார்க்காதே. உன் வேலையில் அது உதவியிருக்கும். என் வேலையில் அதற்கு எண்ணெய்ச் செலவு.

நேரடியாக எழுது என்றாய், எழுதுகிறேன்.

காய்ச்சல் விட்ட காலை. நர்ஸ் என்னைத் தூக்கித் தலையணையில் சாய்த்து உட்காரவைத்துவிட்டுப் போனாள். கஞ்சி கேட்டுக் குடித்தேன். எத்தனை நாள் கழித்து! நீ வந்தால் காட்ட வேண்டும் என்று கிண்ணத்தைக்கூடக் கையிலேயே வைத்திருந்தேன். கூடத்திலிருந்து நேராக வந்தாய், கையில் காகிதச் சுருள். கதவைத் திறந்தாய். என்னைப் பார்த்தாய்.

உன் முகத்தைச் சின்ன வயதிலிருந்து துடைத்துவிட்டவள் நான். அதில் எது வந்து எது போகிறது என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். கல்யாணம் நின்றுபோன வீட்டில் சமைத்து முடித்துவிட்டு நிற்கிற சமையல்காரனுக்கு ஒரு முகம் இருக்கும். அந்த முகம். காகிதத்தை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாய். அப்புறம் என்ன கேட்டாய் என்று நினைவிருக்கிறதா?

"உக்காரலாமான்னு டாக்டரைக் கேட்டியா?"

கேட்டுக்கொண்டுதான் பிழைக்க வேண்டும் என்று எனக்குத் தெரியாமல் போய்விட்டது.

அதற்குப் பிறகு நீ அழுதாய், கட்டிக்கொண்டாய், அண்டை வீட்டுக்கெல்லாம் சொல்லிவிட்டு வந்தாய். எல்லாம் சரி. நான் மட்டும் நீ கதவருகில் நின்ற அந்த நிமிஷத்திலேயே நின்றுவிட்டேன். இன்னும் அங்கேதான் நிற்கிறேன்.

அக்கா


மார்ச் 8

அக்காவுக்கு,

உன் கடிதம் வந்து ஒரு வாரமாகிறது. முதலில் மறுத்து ஒரு பதில் எழுதினேன். நன்றாக வந்திருந்தது. நன்றாக வந்திருந்ததாலேயே கிழித்துப்போட்டேன்.

நீ பார்த்தது சரி.

கதவிலிருந்து கட்டில் வரைக்கும் எத்தனை தூரம், ஒரு பாய் நீளம் இருக்குமா? அந்தத் தூரத்தில் எனக்கு வந்த முதல் யோசனை, 'அப்போ பாட்டு?' என்பதுதான். 'அக்கா பிழைத்துக்கொண்டாள்' என்பதும் வந்தது. கண்ணீரோடு வந்தது, நிஜமாகவே வந்தது. ஆனால் இரண்டாவதாக வந்தது.

இன்னும் மோசமானதையும் சொல்லிவிடுகிறேன். அந்த வாரங்களில் நான் சந்தோஷமாக இருந்தேன். உன் பக்கத்தில் உட்கார்ந்து மூச்சை எண்ணிக்கொண்டிருப்பேன். எழுந்து போய் அந்த இடைவெளியை ராகத்தில் வைப்பேன், பொருந்தும். நன்றாகச் சாப்பிட்டேன். நன்றாகத் தூங்கினேன். ஆலயத்தில் பார்க்கிறவர்கள், "எவ்வளவு தைரியமா இருக்கீங்க! விசுவாசம்னா இதுதான்" என்றார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதைத் தாழ்மை என்று எடுத்துக்கொண்டார்கள். போதகர் என்னை ஒரு பிரசங்கத்தில் உதாரணமாகக்கூடச் சொன்னார். இன்றுவரை அதை நான் திருத்தவில்லை.

நாற்பது பாட்டு எழுதியிருக்கிறேன். நாற்பதிலும் என் பாவங்களைப் பற்றி உருகி உருகி எழுதியிருக்கிறேன். 'பாவிகளில் பிரதான பாவி நான்' என்பதை எத்தனை விதமாகச் சந்தத்தில் அடைத்திருக்கிறேன் என்று உனக்குத் தெரியும். உண்மையாக ஒன்று செய்தபோது எனக்கு அது பாவம் என்றே தெரியவில்லை. நல்ல வேலை என்று நினைத்தேன்.

பாடகர் குழுப் பொறுப்பை விட்டுவிட்டேன். காரணம் கேட்டார்கள், தொண்டை என்றேன். சைக்கிள் கடைக்காரர் கையசைத்து நடத்துகிறார். டயருக்குக் காற்றடிக்கிற மாதிரி இருக்கிறது. நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து வாயை மூடிக்கொண்டிருக்கிறேன்.

மன்னிப்பு கேட்டு எழுத உட்கார்ந்தேன். கேட்கும்போதே அதற்கு ஒரு மெட்டு வருகிறது. அதனால் கேட்கவில்லை.

தம்பி


ஜூன் 30

அக்காவுக்கு,

மார்ச்சில் நான் எழுதியதற்குப் பிறகு உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. எதிர்பார்க்கவும் இல்லை. ஆனால் இதை எழுதாமல் இருக்க முடியாது.

நேற்று, மறைந்தவர்களை நினைவுகூரும் ஆராதனை. வெளியூரிலிருந்து ஓர் இளைஞர் குழுவைப் போதகர் அழைத்திருந்தார். வேனை விட்டு இறங்கியதுமே அவர்களுடைய தலைவி, கண்ணாடி போட்ட கல்லூரிப் பெண், வாசலில் நின்று கேட்டாள்: "உங்க சபையில கடைசியா யார் போனாங்க? என்ன வேலை பார்த்தாங்க?"

"எதுக்கும்மா?" என்றார் போதகர்.

"பாட்டுல போடணும்."

ஆலயத்து மணியடிப்பவர் போன மாதம் இறந்துபோனார். அதைச் சொன்னார்கள். உள்ளே வந்து, வாத்தியம் இல்லாமல், எழுந்து நின்று பாடினார்கள்.

*மணிகளை அடித்த கைகள் இவை,*
*களைத்தன, பிடித்துக்கொள்ளும், தேவா.*

எனக்கு எதிரே இருந்த பெஞ்சின் முதுகைப் பிடித்துக்கொண்டேன். முதல் வரியில் இரண்டு சொல் தவிர எல்லாம் என்னுடையது. மூன்றாம் வரியில் ஆல்டோ மட்டும் நான் எழுதியபடி இறங்கவில்லை. ஏறி, கொஞ்சம் நின்று, அப்புறம் இறங்கியது. என்னுடையதைவிட நன்றாக இருந்தது. பெஞ்சில் உட்கார்ந்திருந்த பேக்கரிக்காரர் கண்ணை மூடிக்கொண்டு பாஸ் போட ஆரம்பித்துவிட்டார். பிறகு என்னிடம் வந்து, "நான் பாடல சார், வாய் பாடிடுச்சு" என்றார். மணியடிப்பவரின் மகன், வாழ்நாள் முழுக்க அப்பாவோடு சண்டை போட்டவன், முகத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

முடிந்ததும் அந்தப் பெண்ணிடம் போய், யார் எழுதியது என்று கேட்டேன்.

"தெரியாது அங்கிள். எங்க ஊர்ல ஒரு தையல்காரம்மா சொல்லிக்கொடுத்தாங்க. எழுதினவர் உயிரோட இருக்காரான்னு கேட்டேன். 'இருக்கான், இருக்கான்'னாங்க. பேரு மட்டும் சொல்லல."

உன் ஊரில் தையல்காரர்கள் நிறைய இருப்பார்கள். ஆகவே நான் யாரையும் குற்றம் சாட்டவில்லை. தகவலுக்காக எழுதுகிறேன்.

தம்பி


ஜூலை 11

தம்பிக்கு,

தகவலுக்கு நன்றி. அந்தக் கண்ணாடிக்காரிக்கு வாய் அதிகம் என்று எனக்கு முன்பே தெரியும்.

ஆமாம், நான்தான். உன்னைப் பாடக்கூடாது என்று தடுத்துவிட்டு வீடு வீடாகப் போய்ப் பாடிக்கொண்டிருக்கிறேன். உனக்குத் திருட்டு என்று சொல்லத் தோன்றியிருக்கும்; சொல்லாமல் விட்டாய். நீ சொல்லியிருந்தால் எனக்கு இதை எழுதுவது சுலபமாக இருந்திருக்கும்.

மகள் வீட்டுக்கு எதிர்வீட்டில் ஒரு பஸ் டிரைவர் இருந்தார். நல்ல மனுஷர். மாடிப்படியில் நான் மூச்சு வாங்கினால், "மெதுவா வாங்கம்மா, வண்டி உங்களை விட்டுட்டுப் போகாது" என்பார். ஏப்ரலில் ஈரல் கெட்டுப் படுத்தார். அவர் சம்சாரத்துக்கு உதவியாக நான் போய் உட்காருவேன். கடைசி நாள், டாக்டர் வந்து பார்த்துவிட்டுப் போனார். அவள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். இந்தக் கட்டடத்தில் அவர்களுக்குப் போதகர் இல்லை, சபை இல்லை, ஒருத்தரும் இல்லை. நாளைக்கு யார் பாடுவார்கள் என்று நினைத்தேன். நினைத்ததும் உன் பாட்டு வந்தது. எனக்கு வேறு எந்தப் பாட்டும் அவ்வளவு பாடம் இல்லை. அத்தனை நாள் கட்டிலில் கிடந்து கற்றது அதுதான். ஆனால் இவர் தைக்கவில்லையே! பஸ் ஓட்டியவர். என்ன போடலாம்? 'பேருந்து' வைத்தால் இடிக்கிறது. 'சாலையில்' என்றால் பிச்சைக்காரர் மாதிரி இருக்கிறது. 'வழியெல்லாம் ஓட்டிய கைகள் இவை.' பொருந்துகிறதா என்று இன்னொரு கையின் விரல்களால் போர்வை மேல் தட்டிப் பார்த்தேன். பொருந்தியது. அப்பாடா என்று இருந்தது தம்பி. சந்தோஷமாக இருந்தது.

அந்த நேரம் பார்த்து அவர் கண்ணைத் திறந்தார். திறந்து என்னை நேராகப் பார்த்தார். தண்ணீர் என்றார். ஒரு நிமிஷம் தேறிவிடுவார் போலிருந்தது.

கண்ணாடி பார்க்காமலே எனக்குத் தெரிந்தது. உன் முகம் என் கழுத்துக்கு மேலே உட்கார்ந்திருந்தது.

சாயங்காலம் போய்விட்டார். மறுநாள் பாடினேன். எல்லோரும் அழுதார்கள். அதற்குப் பிறகு கொத்தனார் ஒருவர் இறந்தார், 'சுவர்களைக் கட்டிய.' ஆஸ்பத்திரி ஆயா ஒருத்தி, 'புண்களைத் துடைத்த.' துணியை ஆளுக்குத் தகுந்தபடி பிடித்தும் விட்டும் தைக்கிற மாதிரி எனக்கு அது கைவந்துவிட்டது. என்னைத் தேடி வந்து கூப்பிடுகிறார்கள். "அக்கா பாடினா மனசுக்கு ஆறுதலா இருக்கு" என்கிறார்கள். தலையைக் குனிந்துகொள்கிறேன். அது என்ன தலைகுனிவு என்று இப்போது உன்னைத் தவிர யாருக்கும் தெரியாது.

இதனால்தான் உன் மார்ச் கடிதத்துக்குப் பதில் எழுதவில்லை. உன் முகத்தைப் பற்றி எழுதிய அந்தக் கடிதத்தைத் திருப்பி வாங்க முடியுமா என்று தபால்காரரிடம் கேட்கலாமா என்றுகூடத் தோன்றியது.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். டிரைவர் சம்சாரம் தினமும் மாலையில் வந்து என் பக்கத்தில் உட்காருகிறாள். பொத்தான் தைத்துக் கொடுப்பாள், பேசுவாள். என்னைக் கூடப்பிறந்தவள் மாதிரி நினைக்கிறாள். அவளிடம் இதைச் சொல்ல வேண்டுமா? இரவு பகல் அதையே நினைக்கிறேன். நீ இதில் முன் அனுபவம் உள்ளவன். சொல்.

பாட்டு உன்னுடையது. புத்தகத்துக்குக் கொடுப்பதானால் கொடு. அந்த இரண்டு சொல்லுக்கு மட்டும் இடம் விடச் சொல்.

அக்கா


ஜூலை 19

அன்புள்ள அக்காவுக்கு,

செயலாளரைப் பார்த்தேன். "கோடிட்ட இடத்தை நிரப்புகன்னு ஞானப்பாட்டுப் புத்தகத்துல போட முடியாதுங்க, இது என்ன பரீட்சைத்தாளா?" என்றார். ஏதாவது ஒரு தொழிலை முடிவுசெய்து கொடுத்தால் அச்சிடுகிறாராம். மேய்ப்பர் என்று வைத்துக்கொள்ளலாம், வேதத்துக்கும் ஒத்துவரும் என்று யோசனை சொன்னார். எங்கள் சபையில் ஆடு வைத்திருப்பவர் ஒருவரும் இல்லை என்றேன். புத்தகம் இந்தப் பாட்டு இல்லாமலே அச்சுக்குப் போய்விட்டது. சைக்கிள் கடைக்காரர் என்னைவிட வருத்தப்பட்டார்.

நீ கேட்டதற்கு வருகிறேன். அவளிடம் சொல்லாதே.

இதை நல்லெண்ணத்தில்தான் சொல்கிறேன். அவள் பார்த்திருந்தால் உன்னைப்போல அவளே ஒரு நாள் சொல்லுவாள். பார்க்கவில்லை என்றால், உன் நெஞ்சு லேசாவதற்காக அவள் நெஞ்சில் இறக்கி வைப்பானேன்? அவளுக்கு இருக்கிற ஒரே துணை நீ. அவள் மனதில் அந்தக் கடைசி நாளில் அவள், அவர், நீ மூன்று பேரும் ஒன்றாக இருந்தீர்கள். அதைக் கலைக்காதே. நாம் இரண்டு பேரும் வைத்துக்கொள்வோம். எனக்கு இது பழகிவிட்டது, உனக்கும் பழகும்.

ஒன்று மட்டும் சொல்லிக்கொள்ள வேண்டும். உன் கடிதத்தைப் படித்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது. என்னைப்போல இன்னொருத்தி என்று. அதற்கும் சேர்த்து வெட்கப்படுகிறேன். இந்தக் கணக்குக்கு முடிவே கிடையாது போலிருக்கிறது.

தம்பி


ஆகஸ்ட் 2

தம்பிக்கு,

உன் யோசனை நல்ல யோசனை. படித்துப் பார்த்து, மடித்து வைத்துவிட்டு, சொல்லிவிட்டேன்.

சொல்ல வேண்டும் என்று உட்காரவில்லை. அவள் பொத்தான் துளைக்குக் காஜா எடுக்க நூல் கோத்துக்கொண்டிருந்தாள். நான் மிஷினை நிறுத்தினேன். என் வாய் தானாக ஆரம்பித்துவிட்டது. உன் பேக்கரிக்காரர் சொன்ன மாதிரிதான். போர்வையில் விரல் தட்டியது, சொல் பொருந்தியது, அப்பாடா என்று இருந்தது, அவர் கண் திறந்தபோது என் மனம் எங்கே இருந்தது, எல்லாவற்றையும் சொன்னேன். அவள் ஊசியைக் கீழே வைக்கவே இல்லை.

"தெரியும்க்கா. நீங்க தட்டிட்டிருந்ததைப் பாத்தேன்" என்றாள்.

நான் அவள் பக்கம் திரும்பினேன். "பாத்தியா? அப்புறம் ஏம்மா தினமும் என்கிட்ட வந்து உக்காந்துட்டிருக்கே?"

நூலை முடிச்சுப் போட்டாள். பல்லால் கடித்து அறுத்தாள்.

"அப்ப நான் எந்த போட்டோவைப் பெருசு பண்றதுன்னு யோசிச்சிட்டிருந்தேன்க்கா. யூனிபார்ம் போட்டதா, இல்ல எங்க கல்யாணத்துல எடுத்ததா. கல்யாண போட்டோன்னா நானும் இருக்கேன், என்னை வெட்டணும். வெட்டினா அவரு தோள் மேல என் கை மட்டும் நிக்கும். அதையே யோசிச்சிட்டிருந்தேன். அவரு தண்ணி கேட்டாரு. நீங்கதான் குடுத்தீங்க. எனக்குக் காதுல விழல."

இதை யாரிடமும் சொல்லவில்லையாம். யாரிடம் சொல்வது? என்னிடம் சொல்லத்தான் தினமும் வந்து உட்கார்ந்திருக்கிறாள். வந்து வந்து பொத்தானைத் தைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

நான் எழுந்து அவளைக் கட்டிக்கொள்ளவில்லை. அவளும் அழவில்லை. அடுத்த சட்டையை எடுத்துக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டாள். இருட்டும்வரை தைத்தோம்.

உன்னை மன்னித்தேன் என்று எழுதலாமா என்று பார்த்தேன். என் கையில் இருந்து கொடுக்கிற அளவுக்கு என்னிடம் இப்போது ஒன்றும் இல்லை. எனக்கே யாராவது கொடுத்தால் வாங்கிக்கொள்கிற நிலைமை. ஆனாலும் உன்னைப் பார்க்க வேண்டும்போல இருக்கிறது. சனிக்கிழமை வண்டியில் வா. அவளுக்கும் உன்னைப் பார்க்க வேண்டுமாம், எழுதியவர் எப்படி இருப்பார் என்று கேட்டாள். சாதாரணமாகத்தான் இருப்பான் என்று சொல்லியிருக்கிறேன்.

கதவு திறந்துதான் இருக்கும். நேராக உள்ளே வா. முகத்தைப் பற்றிக் கவலைப்படாதே. எந்த முகத்தோடு வந்தாலும் சரி, இங்கே இரண்டு பேர் அதே மாதிரிதான் உட்கார்ந்திருப்போம்.

அக்கா